தடவினால் மணக்கும் கன்று, கசக்கினால் மணக்கும் மரம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வாசகர் ஒருவர் உறைக்குள் நான்கு இலைகளைப் போட்டு அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு தாள். கல்வராயன் மலைக்குப் போகும் வழியில், ஒரு தோட்டத்து ஓரம், வெள்ளையாக, வழவழப்பாக, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு நிற்கிற மரத்தின் இலைகளாம். கேள்விகள் மூன்று. இது என்ன மரம்? இதே எலுமிச்சை வாசமுள்ள கன்றை ‘கொசு விரட்டி மரம், நம்ம நாட்டு மரம்’ என்று சொல்லி இருநூறு ரூபாய்க்கு விற்கிறார்களே, வாங்கி வாசலில் வைக்கலாமா? வைத்தால் கொசு போகுமா?

கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: போகாது. ஆனால் ஏன் போகாது என்பதில்தான் இந்த மரத்தின் சாமர்த்தியமே இருக்கிறது. முதலில் ஆள் யாரென்று பார்ப்போம்.

அனுப்பியவர் கெட்டிக்காரர். இலையோடு நிறுத்தாமல், மரத்தடியில் உதிர்ந்து கிடந்த இரண்டு காய்களையும் காகித கனத்தில் ஒரு பட்டைச் சில்லையும் சேர்த்தே வைத்திருக்கிறார். தைல மரக் கூட்டத்தில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு; இலையை மட்டும் பார்த்து இன்ன இனம் என்று அடித்துச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். காயும் பட்டையும்தான் சாட்சி.

இலை ஒரு சாண் நீளம், ஒரு விரல் அகலம், லேசான அரிவாள் வளைவு. இரண்டு புறமும் ஒரே பச்சை. மா இலைக்கு மேல்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெளிர்ப்பச்சை. இதற்கு மேல் கீழ் என்ற பேதமே கிடையாது. முதிர்ந்த இலை கிளையிலிருந்து செங்குத்தாகத் தொங்குவதுதான் காரணம். காலை வெயில் ஒரு முகத்தில், மாலை வெயில் மறுமுகத்தில். உச்சி வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டி, நீரை மிச்சம் பிடிக்கும். தைல மரத்தடியில் ஒதுங்கியவர்களுக்கு இது வேறு விதமாகத் தெரியும்: அங்கே நிழலே இருக்காது. இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி முனையால் குத்தியதுபோல் ஒளி கசியும் புள்ளிகள் தெரிகின்றன. அவை எண்ணெய் அறைகள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

காய் சுண்டுவிரல் நுனி அளவு, கழுத்துச் சுருங்கிய சிறு குடம். வாய் உள்ளடங்கி இருக்கிறது. நம் சமவெளியில் காகித ஆலைக்காக வளர்க்கும் தைல மரத்துக்கு, சில ஊர்களில் ஆர்.எஸ். பதி மரம் என்பார்கள், காய் இன்னும் சிறியது. அதன் வாயிலிருந்து முக்கோணப் பற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருக்கும் நீலகிரித் தைல மரத்தின் காய் பெரியது, தலையில் மருவோடு தனித்தனியாக இருக்கும். அந்த மரம் பட்டையை நீள நீள நாடாவாக உரித்துத் தொங்கவிடும். வாசகர் அனுப்பிய சில்லோ மெல்லியது, உள்பக்கம் விரலில் மாவுபோல் ஒட்டுகிறது. அடிமரத்திலிருந்து உச்சிக் கிளை வரை இப்படிச் சில்லுச் சில்லாக உதிர்த்து, வெள்ளையும் சாம்பலும் இளஞ்சிவப்புமாகத் திட்டுத் திட்டாக நிற்கும். போதாக்குறைக்கு, நீலகிரி மரம் குளிர்ந்த உயர்மலைக்காரர். ஆயிரம் மீட்டருக்குச் சற்று முன்பின்னான கல்வராயனின் முகடுகள் அதற்குக் காணாது.

ஆக, இது எலுமிச்சைத் தைல மரம். கொரிம்பியா சிட்ரியோடோரா. ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து மாநிலத்துக்காரர். அங்கே ‘நாட்டு மரம்’, இங்கே வந்தேறி. விற்பவர் சொன்ன இரண்டில் ஒன்று அங்கேயே அடிபட்டுப் போகிறது. 1848-ல் வில்லியம் ஹூக்கர் இதற்கு யூகலிப்டஸ் என்று பெயர் சூட்டினார். 1995-ல் ஹில், ஜான்சன் என்ற இரண்டு ஆஸ்திரேலியத் தாவரவியலாளர்கள் நூற்றுச் சொச்சம் இனங்களைப் பிரித்து கொரிம்பியா என்று தனிக் குடித்தனம் வைத்துவிட்டார்கள். நர்சரிப் பலகைகளுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை, சேராவிட்டாலும் குடி முழுகாது.

எலுமிச்சை வாசம் வருகிறதே, அது போதாதா அடையாளத்துக்கு? போதாது. இதே இனத்தில், இதே பட்டையும் காயுமாக, வாசத்தில் எலுமிச்சையே இல்லாத மரங்கள் உண்டு. உடம்பு அதேதான், உள்ளே காய்ச்சும் சரக்கு வேறு. யூகலிப்டஸ் கூட்டத்தில் இந்த வேற்றுமை ஒரே மரத்துக்குள்ளும் நடக்கும். ஆஸ்திரேலியாவில் ஒரு மரத்தை வண்டுக் கூட்டம் மொட்டையடித்தது; ஒரு கிளையை மட்டும் தொடவில்லை. அந்தக் கிளையின் இலையெண்ணெயின் சேர்மானம் மற்றக் கிளைகளினதிலிருந்து மாறுபட்டிருந்தது. 1990-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த இந்தச் சிறு கட்டுரையை, ‘இயற்கையில் எல்லாம் ஒரே சீர்’ என்று பேசுகிறவர்களுக்கு நான் அடிக்கடி சிபாரிசு செய்வதுண்டு.

இனி சமையலறைக்குப் போவோம்.

நீலகிரித் தைலத்தின் நெடிக்குக் காரணம் சினியோல். எலுமிச்சைத் தைல மரத்தின் வாசத்துக்குக் காரணம் சிட்ரோனெல்லால். நல்ல மரத்து எண்ணெயில் முக்கால் பங்கு வரை அதுவே. ஒன்று மூக்கடைப்புக்கு நெஞ்சில் தேய்ப்பது, மற்றது சோப்புக்கும் அத்தருக்கும் போவது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று மூக்கு சொல்லும். மூலக்கூற்றை எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் கரி அணு 10, ஹைட்ரஜன் 18, ஆக்சிஜன் 1. ஓர் அணு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரே மாவில் தோசையும் பணியாரமும் வருவதைப் போலத்தான் இது. இலையின் செல்லில் ஐந்து கரி கொண்ட துண்டுகள் இரண்டு இணைந்து பத்துக் கரியுள்ள ஒரு பொது மாவு தயாராகிறது. எலுமிச்சை, ஏலக்காய், கற்பூரவல்லி எல்லார் வீட்டிலும் அடிப்படை அதே மாவு. எதில் ஊற்றுகிறோம் என்பதில்தான் விஷயம். நொதி என்பது கல். நீலகிரி மரத்தின் நொதி குழியுள்ள பணியாரக் கல். ஊற்றிய சங்கிலி உருண்டு, ஆக்சிஜனைப் பாலமாகப் பிடித்துக்கொண்டு கெட்டியான உருண்டையாக வெளியே வருகிறது. அது சினியோல். எலுமிச்சைத் தைல மரத்திடம் இருப்பது தட்டையான கல். சங்கிலி நீளமாகவே கிடந்து, ஒரு முனையில் ஆக்சிஜனைச் சூடிக்கொள்கிறது. அது சிட்ரோனெல்லால், அதாவது தோசை. வாசம் வராத மரத்தில் கல் வேறு, அல்லது கல்லே அடுப்பில் ஏறவில்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்றாம் நாள் மாவு புளிப்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிட்ரோனெல்லால் சும்மா கிடக்காது. அதன் ஒரு முனையில் ஆக்சிஜன், மறுமுனைப் பக்கம் ஓர் இரட்டைப் பிணைப்பு. கொஞ்சம் அமிலம் கிடைத்தால் போதும், ஆக்சிஜன் முனைக்குப் பசி எடுக்கிறது; வளைந்து வந்து அந்த இரட்டைப் பிணைப்பைக் கவ்வுகிறது. ஆறு கரி வளையம் ஒன்று மூடிக்கொள்கிறது. மூடும் வேகத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரு நீர் மூலக்கூற்றையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டால், கிடைப்பது பாரா-மெந்தேன் டையால். பெயர் நீளம்; பி.எம்.டி. என்று வைத்துக்கொள்வோம். புளித்த மாவில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு ஊற்றிய ஊத்தப்பம். கணக்கும் அப்படியே பொருந்துகிறது: சிட்ரோனெல்லால் கூட்டல் ஒரு நீர், பி.எம்.டி. இலை முதிர முதிர, உதிர்ந்து கிடக்கக் கிடக்க, இது மெள்ளச் சேர்கிறது. (சுட்ட தோசை எப்படி ஐயா மறுபடி புளிக்கும் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயம்தான். உவமையை அடுப்பிலிருந்து இறக்கிவிடுகிறேன்.)

தண்ணீரைச் சேர்க்காமல் வளையத்தை மட்டும் மூடினால், வேறொரு சரக்கு. அதற்கு ஹைட்ரஜனைக் கொடுத்தால் மெந்தால். புதினாவின் குளிர்ச்சி. ஜப்பானில் இந்த வழியில் மெந்தாலை டன் கணக்கில் செய்கிறார்கள். அதற்கு வழிவகுத்த வேதியியலுக்காக நொயோரி என்ற வேதியியலாளருக்கு 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தொண்டைக்கு இதமாக வாயில் போட்டுக்கொள்ளும் மிட்டாய்க்கும் இந்த மரத்து இலைக்கும் இரண்டே படி தூரம்.

கொசுவை உண்மையில் விரட்டுவது பி.எம்.டி. சிட்ரோனெல்லாலும் விரட்டும், ஆனால் தோலில் தடவினால் சட்டென்று ஆவியாகிப் போய்விடும். வாசம் தூக்கலாக அடிக்கிறது என்பதே அது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அறிகுறி. பி.எம்.டி.க்கு இரண்டு கைகள், அதாவது இரண்டு ஹைட்ராக்சில் குழுக்கள். அக்கம்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தோலிலேயே மணிக்கணக்கில் தங்கும். வாசமோ ரொம்பக் குறைவு. சீனாவில் இதைக் கண்டறிந்த விதம் வேடிக்கை: இலையைக் காய்ச்சி வாசனை எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சிய கழிவில்தான் சங்கதி இருந்தது. மணந்ததைப் புட்டியில் அடைத்தார்கள், வேலை செய்வது அண்டாவின் அடியில் கிடந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2005-ல் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்த ‘எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய்’ இப்படி பி.எம்.டி.யைச் செறிவாக்கிச் செய்த பொருள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பூச வேண்டாம் என்று எச்சரிக்கையும் உண்டு. கடையில் அதே பெயரில் விற்கும் வாசனை எண்ணெய் வேறு, அது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தெரியாமல் என்றால் பரவாயில்லை. பல நேரங்களில் தெரிந்தே.

சரி, மரம் வாசலில் நின்றால் என்ன? அந்த எண்ணெய் அறைகளுக்குத் திரும்புவோம். இளம் இலையில் அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் சில செல்கள் ஒன்றைவிட்டொன்று விலகி நடுவில் ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகின்றன. சுற்றி நிற்கும் செல்கள் எண்ணெயைக் காய்ச்சி அந்த வெற்றிடத்துக்குள் ஊற்றுகின்றன. அந்த எண்ணெய் பூச்சிக்கு நஞ்சு. மரத்தின் சொந்த செல்லுக்கும் நஞ்சு. அதனால்தான் இவ்வளவு பத்திரமாகச் சுவர் வைத்துப் பூட்டுவது. ஆஸ்திரேலிய மண்ணில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் பஞ்சம், ஓர் இலையை இழந்தால் மறுபடி முளைக்க வைப்பது பெரும் செலவு. வெயிலுக்குப் பஞ்சமில்லை, காற்றில் கரிக்குப் பஞ்சமில்லை. ஆகவே கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றை மட்டும் வைத்து, நைட்ரஜன் துளியும் செலவழிக்காமல் ஒரு நஞ்சைத் தயாரித்து, யாராவது கடித்தால் மட்டும் உடையும்படி வைத்திருக்கிறது. பூட்டி வைப்பதற்காகவே செய்யப்பட்ட எண்ணெய் தெருக்கொசுவைத் தேடிப் போகுமா? மழைக்குப் பிறகும் கொளுத்தும் வெயிலிலும் மரத்தடியில் லேசாக எலுமிச்சை வாடை வரும், உண்மை. அது சுகம், அவ்வளவுதான். வாசகரின் உறையும் அப்படித்தான்: பிரித்ததும் ஒன்றும் வரவில்லை. இலையை மடித்து நகத்தால் கீறியதும்தான் அறை மணத்தது.

அப்படியானால் நர்சரியில் கன்று மட்டும் ஏன் அப்படி மணக்கிறது? இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன். எலுமிச்சைத் தைல மரத்தின் கன்றுக்கும் முதிர்ந்த மரத்துக்கும் இலையில் சம்பந்தமே இருக்காது. கன்றின் இலை அகலமாக, சொரசொரப்பாக இருக்கும். காம்பு விளிம்பில் சேராமல், ஆமணக்கு இலையில் இருப்பதுபோல் தகட்டின் உள்ளே வந்து ஒட்டியிருக்கும். கைக்கண்ணாடியில் பார்த்தால் இலையிலும் தண்டிலும் சிவந்த சிறு மயிர்கள். மயிர் என்று நினைப்பவை உண்மையில் இலைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் எண்ணெய் அறைகள். முதிர்ந்த இலையில் தோலுக்கு அடியில் புதைந்திருக்கும் அதே அறை, கன்றில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கன்றை மேயவரும் வாய் மெல்லத் தொடங்கும் முன்பே, பட்ட மாத்திரத்தில் உடைய வேண்டும் என்ற ஏற்பாடாக இருக்கலாம். கன்றுக்கு இருப்பதே நாலு இலை. கடித்த பிறகு கசந்து என்ன பயன்?

விற்பவர் அந்த இலையை லேசாக ஒரு தடவு தடவி உங்கள் மூக்கருகே நீட்டுகிறார். ஊரே மணக்கிறது. நீங்கள் மனசுக்குள் பத்தடி, இருபதடி என்று மரத்தைப் பெருக்கிப் பார்த்து, வாசத்தையும் அதே வீதத்தில் பெருக்குகிறீர்கள். மரமோ வளர வளரச் சொரசொரப்பை விட்டுவிட்டு, வழவழப்பான இலை போட்டு, அறைகளை உள்ளே இழுத்துப் பூட்டிவிடுகிறது. ஆறடிக் கன்றில் வரும் வாசம் அறுபதடி மரத்தில் வராது. வந்தாலும் அது அறுபதடி உயரத்தில் வரும், கொசு உங்கள் கணுக்காலில் இருக்கும்.

இந்த வியாபாரம் புதிதுமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்போர்னின் அரசுத் தாவரவியலாளர் பெர்டினாண்ட் வான் மியூலர், காய்ச்சலைப் போக்கும் மரம் என்று யூகலிப்டஸ் விதையை உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். ரோம் நகருக்கு வெளியே டிரே பொன்டானே மடத்துத் துறவிகள் மலேரியாவை ஓட்டுவதற்காகத் தோப்பே போட்டார்கள். இலையின் ஆவி கெட்ட காற்றைச் சுத்தம் செய்யும் என்பது கணக்கு. மலேரியா கொசுவில் குடியிருப்பதை 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்த பிறகு கணக்கு மாறியது: வாசத்தால் அல்ல, சதுப்பு நீரை மரம் உறிஞ்சியதால் கொசு குறைந்திருக்கலாம் என்றார்கள். நம் பக்கத்தில், 1790 வாக்கில் திப்பு சுல்தான் நந்தி மலையில் நட்டார் என்பார்கள். 1843-ல் கேப்டன் காட்டன் ஊட்டிக்குக் கொண்டுவந்தார். சோலைகளை வெட்டித் தீர்த்துவிட்ட வெள்ளைக்காரர்களுக்கு விறகு வேண்டியிருந்தது, 1856-லிருந்து நீலகிரியில் முறையாகத் தோட்டங்கள் வந்தன. பிறகு காகித ஆலைகள். வரலாறு இவ்வளவு போதும்.

உறிஞ்சுவது என்றதும் அடுத்த சண்டை நினைவுக்கு வந்துவிடும். தைல மரம் நிலத்தடி நீரைக் குடித்துவிடுகிறது என்று ஒரு கட்சி, எல்லாம் கட்டுக்கதை என்று எதிர்க்கட்சி. அளந்து பார்த்தவர்கள் சொன்னது இரண்டு கட்சிக்கும் ருசிக்கவில்லை. கர்நாடகத்தில் இயன் கால்டரும் கூட்டாளிகளும் அளந்தபோது, மண் ஆழமில்லாத இடத்தில் தைல மரம் குடித்த நீர் பக்கத்து இயற்கைக் காட்டின் அளவுதான். பெங்களூருக்கு அருகே ஹோஸ்கோட்டையில் மண் ஆழமாக இருந்தது; அங்கே வேர் ஆண்டுக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் இறங்கி, எட்டு மீட்டர் ஆழத்தில் பழைய மழைகள் சேர்த்து வைத்த ஈரத்தையும் எடுத்தது. பெய்த மழையைவிடக் குடித்தது அதிகம். நீலகிரியில் கிளென்மார்கனில் புல்வெளியில் நீலகிரித் தைல மரம் வைத்துப் பத்தாண்டு அளந்ததில் ஓடைக்கு வரும் நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டித் துளிர்த்த அடுத்த சுற்றில் கிட்டத்தட்ட கால் பங்கு. இவை வேறு இனங்கள், வேறு நிலங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கோமுகியும் மணிமுத்தாறும் பிறக்கிற மலையில், சாமையும் மரவள்ளியும் மழையை நம்பி விளைகிற சரிவில், ஏக்கர் கணக்கில் இந்தக் கூட்டத்து எந்த மரத்தையும் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். கடுக்காய் மரம் இருக்கிற இடத்தில் கடுக்காய் மரமே இருக்கட்டும்.

தோட்டத்து மூலையில் ஒரே ஒரு மரம் என்றால் அது வேறு. அந்த வெள்ளை அடிமரத்தின் அழகுக்கு நானும் மயங்கியவன்தான். வளர்ப்பது கடினமல்ல. வாசகர் அனுப்பிய காய்கள் வாய் திறந்து காலியாகிவிட்டவை. உதிர்ந்த காயில் விதை இருக்காது. கிளையோடு இருக்கும் முற்றிய, பழுப்பேறிய காயைப் பறித்து, தாளில் பரப்பி வெயிலில் வைத்தால் ஓரிரு நாளில் வாயைத் திறந்து விதையைக் கொட்டும். கறுத்த, தட்டையான, கடுகைவிடப் பெரிய விதை. இலையை நசுக்கி முகர்ந்து பார்த்து, எலுமிச்சை தூக்கலாக இருக்கும் மரத்திலிருந்தே எடுக்க வேண்டும். வாசம் வம்சத்தில் வருவது. தாய்ப்பாத்தியில் மணலும் செம்மண்ணும் கலந்து, விதையைத் தூவி, மேலே மணலைச் சலித்துத் தூவினால் போதும். பூவாளியில்தான் தண்ணீர், அதுவும் அளவாக. ஈரம் நின்றால் நாற்று கழுத்தில் அழுகிச் சாயும். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும் பாலிதீன் பைக்கு மாற்றலாம்.

கன்று வாங்குவதாக இருந்தால் வாசத்தை முகர்ந்தது போதும், பையின் அடியைப் பாருங்கள். வேர் உள்ளே சுருண்டு சுருண்டு ஓடியிருந்தால் அந்தக் கன்று வேண்டாம். முழங்கால் உயரக் கன்றுதான் நல்லது. ஆளுயரக் கன்று என்றால் வேர் பையில் எப்போதோ சுருண்டிருக்கும், ஐந்தாறு ஆண்டு கழித்துக் காற்றில் சாயும்போதுதான் அது தெரியவரும். புரட்டாசி மழை பிடித்ததும் ஒன்றரை அடிக் குழியில் நடுங்கள். முதல் எதிரி ஆடு அல்ல, அந்தச் சொரசொரப்பு ஆட்டைப் பார்த்துக்கொள்ளும், கறையான். முதல் இரண்டு ஆண்டு தண்டின் அடியை வாரம் ஒருமுறை பாருங்கள். நட்ட இடம் வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் மரத்தின் முழு உயரத்துக்காவது தள்ளி இருக்க வேண்டும். நல்ல இடத்தில் நூறடி தாண்டும் மரம், காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளையைத் தொப்பென்று போடும் பழக்கமுள்ளது. வாசலில் வைக்கலாமா என்ற கேள்விக்கு இதுதான் பதில். இலை எண்ணெயுள்ளது, தீப்பிடித்தால் வெறியோடு எரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் வேறு செடி வராது என்று புகார் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தார் இந்த இலையெண்ணெயைப் பார்த்தீனியத்தின் மேல் சோதித்து, முளைப்பும் வளர்ச்சியும் ஒடுங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். பார்த்தீனியத்தை ஒடுக்குவது கத்தரிச் செடியையும் விட்டுவைக்காது.

உதிர்ந்த இலையை என்ன செய்வது? இங்கே மட்டும் கொசுக் கட்சிக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். மேற்குக் கென்யாவில் செய்த கள ஆய்வில், இந்த இலையை எரிக்காமல் அடுப்பின் மேல் தட்டில் வைத்துச் சூடேற்றியபோது வீட்டுக்குள் கொசு கணிசமாகக் குறைந்தது. சூடு அறையை உடைக்கிறது, எண்ணெய் வெளியே வருகிறது. மரம் தானாகச் செய்யாததைத் தட்டு செய்கிறது. மூடிய அறைக்குள் புகை போடுவதற்கு இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொசுவலை மலிவு.

மிஞ்சியிருப்பது ‘நம்ம நாட்டு மரம்’. கல்வராயனில் மணத்துக்குப் பெயர்போன மரம் வேண்டுமென்றால் சந்தனம் இருக்கிறது. அதன் இலையை எவ்வளவு கசக்கினாலும் வாசம் வராது; நடுமரத்தில், அதுவும் வயிரம் ஏற ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிறகு, இன்னும் ஆழமாகப் பூட்டி வைக்கும் ஆள். அதன் பங்காளி இனங்கள் பலவும் ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும்தான் இருக்கின்றன என்பதால் சந்தனமே எந்தக் காலத்திலோ கடல் தாண்டி வந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் சர்ச்சை செய்கிறார்கள். அந்தச் சண்டையில் நான் இறங்கவில்லை. 2002-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம், வெட்டுவதும் விற்பதும் மட்டும் வனத்துறை வழியாக. நடுகிறவர்கள் தவறுவது ஒரே இடத்தில். சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரைத் துளைத்து உறிஞ்சாமல் அது தேறாது. ஆகவே நர்சரியில் சந்தனக் கன்று கேட்கும்போது, அதே பையில் ஒரு துவரைச் செடியும் சேர்ந்து வளர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். களை என்று நினைத்து அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.